மச்சானின் பனிவண்டியில் 10 பி.எஸ்.ஐ. ஓடுகிறது, என் சாத்ரியாவில் ஏன் தட்டுகிறது?

பிறை_சாத்ரியா | செவ்வாய், இரவு 10:40

எல்லாருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

நான் இருப்பது மலேசியாவில், பினாங்குப் பக்கம் பிறையில். காடி (கார்) 1997 புரோட்டான் சாத்ரியா. ஹாஃப் கட் கடையில் (பழைய காடிகளின் வெட்டிய முன்பாதியை விற்கும் கடை) எடுத்த 4ஜி93 டர்போ எஞ்சின், மாற்றியதை ஜே.பி.ஜே.யில் (சாலைப் போக்குவரத்து இலாகா) முறையாகப் பதிந்தாயிற்று. உள்ளே எதையும் தொடவில்லை, கம்ப்ரஷன் தொழிற்சாலை வைத்த 8.5 தான். இண்டர்கூலர் (டர்போ சூடாக்கிய காற்றை ஆற்றும் பெட்டி) பக்கவாட்டில் இருக்கும் சின்னது, ஈ.சி.யு.வும் (எஞ்சினின் கணினி) எஞ்சினோடு வந்த பழையது. இரண்டு வருடமாக 7 பி.எஸ்.ஐ. பூஸ்டில் (டர்போ கூடுதலாக ஏற்றும் காற்றழுத்தம்) ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

அக்காவைக் கட்டிய மச்சான் கனடாவில், கல்கரியில் இருக்கிறார். குளிர்காலம் வந்தால் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ரெவல்ஸ்டோக் பக்கம் மலைக்குப் போய் ஸ்னோமொபைல் (பனிவண்டி) ஓட்டுவார். 850 டூ-ஸ்ட்ரோக், வெளியில் வாங்கிய டர்போ கிட். போன மாதம் பேசிக்கொண்டிருந்தபோது, தான் 10 பி.எஸ்.ஐ. ஓட்டுவதாகவும் போடுவது பம்பில் கிடைக்கும் 91 ஆக்டேன் (தட்டாமல் தாங்கும் அளவு) பெட்ரோல்தான் என்றும் சொன்னார். எனக்கு உடனே ஓடிய கணக்கு இதுதான்: அவர் 91, நான் 95, நம் பம்பில் 97ம் இருக்கிறது. அவருக்கே 10 தாங்கினால் எனக்கு ஏன் தாங்காது? கையால் திருப்பும் பூஸ்ட் கன்ட்ரோலரை வாங்கி 10க்கு ஏற்றினேன்.

போன ஞாயிறு மதியம் குடும்பத்தோடு பாலிக் பூலாவ் போனோம். துன் சார்டோன் சாலையில் ஏறும்போது மூன்றாவது கியரில் மிதித்தால் சட்டியில் கடுகு வெடிப்பது மாதிரி ஒரு தட்டல் சத்தம். காலை எடுத்தால் நின்றுவிடும். வீட்டுக்கு வந்ததும் 97 அடித்துப் பார்த்தேன், குறைந்தது, போகவில்லை. பெட்ரோல் கெட்டதா, எஞ்சினா, அல்லது மச்சான் சொன்னதை நான் சரியாகப் புரிந்துகொள்ளவில்லையா?


காஜாங்_சிவிக் | செவ்வாய், இரவு 11:05

அந்த எண்ணெய் நிலையத்தில் தண்ணீர் கலந்திருக்குமோ? போன வாரம் வடக்கில் நல்ல மழை. வேறு நிலையத்தில் அடித்துப் பார்த்தீர்களா?


பிறை_சாத்ரியா | செவ்வாய், இரவு 11:12

மூன்று நிலையத்தில் பார்த்தாயிற்று. எல்லாவற்றிலும் இதே சத்தம்தான்.


செந்தூல்_கஞ்சில் | புதன், காலை 7:50

சகோ, பெட்ரோல் மேல் பழி போடாதீர்கள். நான் கஞ்சிலில் 660 டர்போ வைத்து நாலு வருடமாக 95 மட்டும்தான் அடிக்கிறேன், பூஸ்ட் 0.9 பார், கிட்டத்தட்ட 13 பி.எஸ்.ஐ. ஒரு நாளும் தட்டியதில்லை. உங்கள் டர்போ பழசாகி எண்ணெய் கக்குகிறது, அல்லது டைமிங் (பிளக் தீ மூட்டும் நேரம்) முன்னால் போயிருக்கிறது. 10 எல்லாம் ஒரு பூஸ்டே இல்லை.


ஆய்வக_அக்கா | புதன், பிற்பகல் 1:20

நான் எரிபொருள் சோதனைக்கூடத்தில் வேலை செய்தவள், அதனால் முதலில் அந்த 91ஐப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பிறை தம்பி, உங்கள் கணக்கு வழுக்கியது அங்கேதான்.

அவர்களுடைய 91ம் நம்முடைய 95ம் வேறு வேறு அளவுகோல். நம் பம்பில் எழுதியிருப்பது ரோன், மிதமான சோதனையில் அளந்த ஆக்டேன். கனடாவிலும் அமெரிக்காவிலும் எழுதுவது ரோனையும் மோனையும் (கடுமையான சூட்டில் அளந்த ஆக்டேன்) கூட்டி இரண்டால் வகுத்த எண்.

இரண்டையும் அளப்பது ஒரே சோதனை எஞ்சின். ஒற்றை சிலிண்டர், ஓடும்போதே கம்ப்ரஷனை ஏற்றி இறக்கலாம். ஐசோஆக்டேன் 100, என்-ஹெப்டேன் 0 என்று வைத்து, நம் பெட்ரோல் எந்தக் கலவையைப் போலத் தட்டுகிறது என்று பார்ப்போம். ரோன் சோதனையில் எஞ்சின் 600 ஆர்.பி.எம்., உள்ளே போகும் காற்று 50 டிகிரி வாக்கில். மோன் சோதனையில் 900 ஆர்.பி.எம்., காற்றும் பெட்ரோலும் சேர்ந்த கலவையை 149 டிகிரிக்குச் சூடாக்கிவிடுவோம். அதே பெட்ரோல் இந்தச் சூட்டில் 8, 10 எண் கீழே போய்விடும். ரோன் 95 பெட்ரோலுக்கு மோன் 85 வாக்கில் வரும், சராசரி 90.

ஆக மச்சானின் 91 நம் கணக்கில் ஏறக்குறைய ரோன் 96. உங்கள் 95ஐ விட அவர் போடுவது ஒரு படி மேல். நம் 97 அவர்கள் பம்பில் 92 என்று இருக்கும். உங்களுக்கு நாலு எண் கூடுதல் என்று நினைத்து ஏற்றினீர்கள், உண்மையில் ஒரு எண் குறைவாக வைத்துக்கொண்டு ஏற்றியிருக்கிறீர்கள்.

மோன் ஏன் முக்கியம் என்று இன்னொன்றும் சொல்கிறேன். சின்ன இண்டர்கூலர், நண்பகல் வெயில், ஏற்றம், நாலு பேர் பாரம், இவை எல்லாம் சேர்ந்தால் உள்ளே நடப்பது ரோன் சோதனையை விட்டு மோன் சோதனையின் பக்கம் நகர்ந்துவிடும். பம்பில் 95 என்று படிக்கிறோம், அந்த ஏற்றத்தில் எஞ்சினுக்குக் கிடைப்பது 95இன் வேலை இல்லை.


பிறை_சாத்ரியா | புதன், பிற்பகல் 2:02

அக்கா, இதை யாரும் எனக்குச் சொன்னதே இல்லை. நன்றி. ஆனால் ஒரு எண் வித்தியாசத்துக்கு இவ்வளவு சத்தமா? 97 போட்டும் நிற்கவில்லையே.


ரவாங்_பட்டறை | புதன், இரவு 9:30

தம்பி, ஆக்டேன் உன் பிரச்சினையில் கால்வாசி. மிச்சத்தை நான் சொல்கிறேன், ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொள்.

பூஸ்ட் கேஜ் காட்டுவது சுற்றியுள்ள காற்றுக்கு மேல் எவ்வளவு என்பதை மட்டும். எஞ்சினுக்கு அது தெரியாது, சிலிண்டருக்குள் போகும் மொத்த அழுத்தம்தான் அதற்குத் தெரியும். பிறை கடலோரம், அங்கே காற்று 14.7 பி.எஸ்.ஐ. மச்சான் ஓட்டும் மலை 2,400 மீட்டர் என்று வைப்போம், அங்கே காற்று ஏறக்குறைய 11 தான். அவருடைய 10ஐக் கூட்டினால் 21. உன்னுடைய 10ஐக் கூட்டினால் 24.7.

இப்போது திருப்பிப் பார். அவருடைய 21ஐ நீ பிறையில் வைக்க வேண்டுமானால் உன் கேஜ் 6.3 காட்ட வேண்டும். அதாவது நீ இரண்டு வருடமாக ஒரு குறையும் இல்லாமல் ஓட்டிய 7 இருக்கிறதே, அதிலேயே நீ மச்சானுக்கு மேல் போய்விட்டாய்.

அடுத்தது சூடு. காற்றை அமுக்கினால் சூடாகும், பழைய டர்போ இன்னும் கொஞ்சம் கூடுதலாகச் சூடாக்கும். கம்ப்ரசரின் திறன் 65 விழுக்காடு என்று வைத்துப் போட்டேன். மச்சானுக்கு வெளியே மைனஸ் 15. அழுத்த விகிதம் 1.9, சூடு 80 டிகிரி ஏறும், டர்போவிலிருந்து வருவது 65. உனக்கு வெளியே 34. விகிதம் 1.68, ஏறுவது 76, வெளியே வருவது 110. ஃபில்டர் பானெட்டுக்குள் திறந்தபடி இருந்து 50 டிகிரி காற்றை இழுத்தால் 130. இண்டர்கூலர் இதைக் குறைக்கும், ஆனால் பக்கவாட்டில் மட்கார்டுக்குள் ஒளிந்திருக்கும் அந்தச் சின்னப் பெட்டி மெதுவாக ஏறும் மலைப்பாதையில் காற்றே பிடிக்காது, இரண்டு இழுப்பில் அதுவே கொதித்துவிடும்.

இதையெல்லாம் நான் அனுபவத்தில்தான் கற்றேன். முன்பெல்லாம் ஜப்பானிய இதழ்களில் போட்ட பூஸ்ட் எண்ணைப் பார்த்து அப்படியே இங்கே வைப்போம். அவர்கள் ஊர் பம்பில் 100 ரோன், குளிர்காலத்தில் காற்று 5 டிகிரி. நம்மிடம் அப்போது 92 விற்ற காலம், 2009இல்தான் அது போய் 95 வந்தது. எத்தனை பிஸ்டனை அள்ளிக் குப்பையில் போட்டிருக்கிறேன் என்று எண்ணினால் வயிறு எரியும்.


காஜாங்_சிவிக் | புதன், இரவு 10:15

அண்ணே, ஒரு சந்தேகம். குளிர்ந்த காற்று கனம் கூடியது இல்லையா? மைனஸ் 20 காற்று 35 டிகிரி காற்றை விட 20 விழுக்காட்டுக்கு மேல் அடர்த்தி என்று படித்தேன். அப்படியானால் மச்சானுக்குத்தானே சிலிண்டரில் காற்று அதிகம், அவருக்குத்தானே முதலில் தட்ட வேண்டும்?


ரவாங்_பட்டறை | புதன், இரவு 10:48

நல்ல கேள்வி. நீ சொல்வது ஒரே அழுத்தத்தில் வைத்துப் பார்த்தால் சரி. இங்கே அழுத்தம் வேறு. 21 பி.எஸ்.ஐ.யில் 65 டிகிரி காற்றையும் 24.7 பி.எஸ்.ஐ.யில் 110 டிகிரி காற்றையும் ஒப்பிட்டுப் பார், நிறை கிட்டத்தட்ட சமம், நம் தம்பிக்கு ஒரு 4 விழுக்காடு கூட. அதாவது ஒவ்வொரு சி.சி.க்கும் ஏறக்குறைய ஒரே அளவு காற்றுதான் இரண்டு பேருக்கும் போகிறது. தம்பியுடையது 45 டிகிரி சூடாகப் போகிறது, இண்டர்கூலரைக் கணக்கில் எடுக்காமல். சக்தியில் பெரிதாக ஒன்றும் கிடைக்காமல் சூட்டை மட்டும் விலைக்கு வாங்கியிருக்கிறான்.

தட்டல் என்பது பிளக் மூட்டிய தீ மூலைக்குப் போய்ச் சேரும் முன்பு அங்கே மிச்சமிருக்கும் கலவை தானே வெடிப்பது. அது பற்றிக்கொள்வதற்கு எடுக்கும் நேரத்தைச் சூடுதான் சட்டென்று குறைக்கும். அதனால் ஒரே அளவு காற்று, அதைவிடச் சூடு என்றால் தட்டத்தான் செய்யும்.


செந்தூல்_கஞ்சில் | வியாழன், காலை 8:05

அண்ணே சொல்வதை மறுக்கவில்லை, ஆனால் என் காடி 13இல் ஓடுகிறதே, அதற்கு என்ன பதில்? என்னுடையதும் இதே வெயிலில், ஜாலான் ஈப்போ நெரிசலில்தான் ஓடுகிறது.


ரவாங்_பட்டறை | வியாழன், பிற்பகல் 12:40

உன் எஞ்சின் 660 சி.சி., நாலு சிலிண்டர். ஒவ்வொன்றும் 165 சி.சி., போர் சின்னது, தீ பாய வேண்டிய தூரம் குறைவு, அதனால் கடைசிக் கலவைக்குத் தானே வெடிக்க நேரம் கிடைப்பதில்லை. தம்பியுடையது சிலிண்டருக்கு 450 சி.சி.க்கு மேல். நீ ஓட்டுவதும் உயர்ந்த ஆர்.பி.எம்.மில், அங்கேயும் நேரம் குறைவு. இரண்டும் உனக்குச் சாதகம்.

ஆனால் தட்டவே இல்லை என்று எப்படிச் சொல்கிறாய்? காதால் கேட்டா? எக்ஸாஸ்ட் சத்தத்தில் லேசான தட்டல் காதுக்குக் கேட்காது. நாக் சென்சாரில் (தட்டலை உணரும் கருவி) ஹெட்ஃபோன் மாட்டிக் கேட்டிருக்கிறாயா?

ஒன்று சொல், காராக் நெடுஞ்சாலையில் கோம்பாக்கிலிருந்து ஏறும்போது எப்படி, கெந்திங் உச்சியில் எப்படி?


செந்தூல்_கஞ்சில் | வியாழன், இரவு 7:30

உண்மையைச் சொல்கிறேன். கோம்பாக் ஏற்றத்தில் மதிய நேரம் ஒரு கரகரப்பு வரும், அதை எக்ஸாஸ்ட் ஷீல்டு ஆடுகிறது என்று விட்டுவிட்டேன். கெந்திங் மேலே போனால் அது இருக்காது, காடியும் கொஞ்சம் சோம்பலாகிவிடும். குளிர் என்பதால் சத்தம் குறைகிறது என்று நினைத்தேன்.


ரவாங்_பட்டறை | வியாழன், இரவு 8:10

குளிர் பாதி. கெந்திங் உச்சி 1,800 மீட்டர் வாக்கில், காற்று 11.8 பி.எஸ்.ஐ. உன் வேஸ்ட்கேட் (பூஸ்டைக் கட்டுப்படுத்தும் வால்வு) ஸ்பிரிங்குக்குச் சுற்றியுள்ள காற்றுக்கு மேல் 13 என்று மட்டும்தான் தெரியும், அதனால் கேஜ் அதே 13 காட்டும். மொத்தம் கோம்பாக்கில் 27க்கு மேல், மேலே 25க்குக் கீழே. அதனால்தான் சோம்பல், அதனால்தான் அமைதி. மச்சானின் மலையும் நம் பிறையும் எப்படி வேறுபடுகின்றன என்பதை நீ ஒரு மணி நேரப் பயணத்தில் பார்த்திருக்கிறாய். அந்த ஷீல்டைக் கழற்றிப் பார்த்துவிடு, ஆடவில்லை என்றால் உடனே பூஸ்டை இறக்கு. சத்தியமாகச் சொல்கிறேன், அந்தச் சின்ன எஞ்சின் உனக்கு எச்சரிக்கை தந்துகொண்டிருக்கிறது.


கல்கரி_மச்சான் | வெள்ளி, காலை 6:15

மாப்பிள்ளை இணைப்பு அனுப்பினான், எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். முதலில் அவனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எண்ணைச் சொன்னேன், அந்த எண் எங்கே நிற்கிறது என்பதைச் சொல்லவில்லை.

அண்ணே கேட்க நினைத்திருப்பீர்கள், ஆமாம், என் கேஜ் வண்டி நிற்கும் இடத்தின் காற்றைப் பூஜ்ஜியமாக எடுக்கிறது. 10 என்பது மேலே, 2,200இலிருந்து 2,500 மீட்டருக்குள் வைப்பது. கீழே வண்டியை இறக்கும் இடத்தில், 600 மீட்டர் உயரத்தில், 6க்கு மேல் நான் தொடுவதில்லை. முதல் வருடம் இது தெரியாமல் மலைக்கு வைத்த பூஸ்டோடு அடிவாரத்து ஆற்றங்கரையில் ஒரு இழுப்பு இழுத்தேன். பதினைந்து விநாடி இருக்கும். எக்ஸாஸ்ட் பக்கம் பிஸ்டன் ஓரம் கரைந்து ஓட்டை விழுந்தது. டூ-ஸ்ட்ரோக்கில் எச்சரிக்கை சத்தம்கூடக் கேட்காது, அந்த இரைச்சலில் ஒன்றும் தெரியாது.

மலையில் டர்போ வைப்பதன் நோக்கமே வேறு. டர்போ இல்லாத வண்டி 2,400 மீட்டரில் கால்வாசி சக்தியை இழந்துவிடும். ஸ்கி-டூ கம்பெனி 2020 மாடலில் தொழிற்சாலையிலேயே டர்போ பொருத்திய டூ-ஸ்ட்ரோக் சம்மிட்டைக் கொண்டுவந்தபோது அவர்கள் சொன்னது, 165 குதிரைசக்தி 8,000 அடி வரை குறையாது என்பதுதான். கடல் மட்டத்தில் இருக்கும் காற்றை மலைக்குத் தூக்கிக்கொண்டு போவது மாதிரி. உங்களுக்கு அந்தக் காற்று ஏற்கெனவே வாசலில் இருக்கிறது.

அமெரிக்கப் பக்கம் ராக்கி மலை ஊர்களில் பம்பில் 85 என்றே ஒரு பெட்ரோல் விற்கிறார்கள், உயரத்தில் சாதாரண எஞ்சினுக்கு அது போதும் என்ற கணக்கில். டர்போ வண்டிக்காரர்கள் அதைத் தொடக்கூடாது என்று நாங்கள் புதிதாக வருபவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வோம், டர்போ அந்த உயரச் சலுகையை அழித்துவிடுகிறதே.

இன்னொரு வித்தியாசம் குளிர்விப்பு. ஸ்னோமொபைலில் முன்னால் பெரிய ரேடியேட்டர் கிடையாது. பெல்ட் ஓடும் சுரங்கத்தின் கூரையில் கூலன்ட் ஓடும், பெல்ட் வாரி அடிக்கும் பனி அதில் மோதிக் குளிர்விக்கும். பொடிப்பனியில் எஞ்சின் 45, 50 டிகிரியில் இருக்கும். உறைந்த கட்டிப் பாதையில் பனி தெறிக்காது, அப்போது வெளியே மைனஸ் 10 இருந்தாலும் எஞ்சின் கொதிக்கும், நாங்கள் நிறுத்திப் பனியை அள்ளி உள்ளே போட்டுவிட்டுப் போவோம். ஏப்ரல் வந்து வெயில் ஏறி 5 டிகிரி ஆனாலே ஒரு பி.எஸ்.ஐ., இரண்டு பி.எஸ்.ஐ. இறக்கிவிடுவோம், இல்லையென்றால் ரேஸ் பெட்ரோல் கலப்போம். வெறும் 20 டிகிரி மாற்றத்துக்கே இவ்வளவு. மாப்பிள்ளையின் வெயில் அதற்கு மேல் இன்னும் 30.


காஜாங்_சிவிக் | வெள்ளி, காலை 9:00

ரேஸ் பெட்ரோல் இங்கே கிடைப்பதில்லை, அப்படியானால் ஆக்டேன் பூஸ்டர் புட்டி போட்டால் தீராதா? விமானப் பெட்ரோல் கலப்பார்கள் என்றும் கேள்விப்பட்டிருக்கிறேன்.

என் சிவிக் 1.5 டர்போ, ஒன்றும் மாற்றவில்லை. அதற்கு 95 போதுமா என்பதையும் சொல்லிவிடுங்கள். மைகார்டு (அடையாள அட்டை) காட்டினால் 1.99 வெள்ளிக்குக் கிடைக்கும்போது 97 போட மனம் வரவில்லை.


ஆய்வக_அக்கா | வெள்ளி, பிற்பகல் 1:45

புட்டியில் '5 பாயிண்ட் உயரும்' என்று எழுதியிருந்தால் அது 0.5 ரோன். ஒரு பாயிண்ட் என்பது பத்தில் ஒன்று. 95.5 ஆக்குவதற்கு அந்தக் காசு கொடுப்பதை விட 97 அடித்துவிடலாம். மாங்கனீசு சேர்த்த வகையாக இருந்தால் பிளக்கில் செங்கல் நிறத்தில் படியும், பிறகு பிளக்கைப் பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. இன்னும் வேண்டுமென்றால் பெட்ரோனில் ரோன் 100 கிடைக்கிறது, எல்லா நிலையத்திலும் இருக்காது, கேட்டுக்கொண்டு போங்கள்.

விமானப் பெட்ரோல் வேண்டாம். 100எல்எல் என்பதில் லோ லெட் என்று பெயரில் இருந்தாலும் லிட்டருக்கு 0.56 கிராம் வரை ஈயம் அனுமதி. ஆக்சிஜன் சென்சாரையும் கேட்டலிட்டிக்கையும் கொன்றுவிடும், வீட்டு வாசலில் குழந்தை விளையாடும் இடத்தில் அந்தப் புகையை விடக்கூடாது. அடர்த்தியும் வேறு, பழைய ஈ.சி.யு. அதை அறியாமல் அதே அளவு பீய்ச்சினால் கலவை மெலிந்துபோகும். ஆக்டேனுக்காகக் கலக்கப் போய் எஞ்சினைப் பட்டினி போட்ட கதை ஆகிவிடும்.

தாய்லாந்தின் ஹாட் யாய் போய்வருகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள், அங்கே பம்பில் ஈ20 (20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல்) இருக்கும். எத்தனாலின் ஆக்டேன் நல்லதுதான், ஆனால் அதற்குப் பெட்ரோல் அதிகமாகப் பீய்ச்ச வேண்டும். பழைய ஈ.சி.யு.வோடு அதை நிரப்பிக்கொண்டு பூஸ்டில் மிதிக்காதீர்கள்.

சிவிக் தம்பி, மூடியிலும் கையேட்டிலும் என்ன எண் எழுதியிருக்கிறதோ அதைப் போடுங்கள். உங்கள் ஈ.சி.யு. தட்டலைக் கேட்டு டைமிங்கைப் பின்னால் இழுத்துக்கொள்ளும். ஐந்தாவது ஆறாவது கியர் மாதிரி நிலையில் 1,500 ஆர்.பி.எம்.மில் முழுதாக மிதிப்பதை மட்டும் தவிர்த்துவிடுங்கள், நேரடி இன்ஜெக்‌ஷன் டர்போக்களை அந்தத் தாழ்ந்த வேகத்து முன்வெடிப்புதான் உடைக்கிறது, அதற்கு ஆக்டேனை விட எஞ்சின் ஆயில் முக்கியம்.

டூ-ஸ்ட்ரோக்கைப் பற்றி மச்சானுக்குத் தெரிந்திருக்கும், உள்ளே போகும் ஆயில் ஆக்டேனைக் கீழே இழுக்கும். செந்தூல் தம்பி சொன்ன ஆயில் கக்கும் டர்போவும் அதைத்தான் செய்யும். அவர் சொன்ன அந்தப் பகுதி நியாயமானது, பிறை தம்பி இண்டர்கூலர் குழாயைக் கழற்றி உள்ளே விரலை விட்டுப் பாருங்கள்.


பிறை_சாத்ரியா | சனி, மாலை 5:20

இன்று முழுக்க இதே வேலை. நண்பர் ஒருவரின் பட்டறையில் வைட்பேண்டும் (காற்று-பெட்ரோல் கலவையை அளப்பது) ஒரு தெர்மோகப்பிளும் (சூட்டை அளப்பது) மாட்டினோம்.

7 பி.எஸ்.ஐ.யில் கலவை 11.6 (ஒரு பங்கு பெட்ரோலுக்கு அத்தனை பங்கு காற்று), இன்டேக்கில் காற்று 58 டிகிரி. 10இல் 5,000 ஆர்.பி.எம். தாண்டியதும் கலவை 12.7க்கு மெலிகிறது, காற்று 81 டிகிரி, நாலாவது இழுப்பில் 90ஐத் தொட்டது. குழாய்க்குள் ஆயில் ஈரம் இருக்கிறது, அதிகம் இல்லை. பழைய பெட்ரோல் பம்ப் அல்லது இன்ஜெக்டர் அதற்கு மேல் தாங்கவில்லை என்று நினைக்கிறேன். மச்சானிடம் கேட்டதில், அவர் கிட்டில் பூஸ்டுக்குத் தனி இன்ஜெக்டரும் தனிப் பெட்ரோல் மேப்பும் (எப்போது எவ்வளவு பீய்ச்ச வேண்டும் என்ற அட்டவணை) இருக்கிறதாம். நான் ஒரு குமிழைத் திருப்பியதோடு நிறுத்திவிட்டேன்.

இப்போது 7க்கு இறக்கிவிட்டேன், 97 ஓடுகிறது. சத்தம் இல்லை. ஆனால் ஐடிலில் லேசாக உதறுகிறது, முன்பு அப்படி இல்லை. பயமாக இருக்கிறது.


ரவாங்_பட்டறை | சனி, மாலை 6:05

ஓட்டாதே. நாலு பிளக்கையும் கழற்று, வரிசை மாறாமல் தாளில் வை. பீங்கானில் மிளகுத்தூள் மாதிரி கறுப்புப் புள்ளியோ வெள்ளி மினுக்கோ இருக்கிறதா என்று பூதக்கண்ணாடியில் பார். மினுக்கு என்றால் அது பிஸ்டனின் அலுமினியம். அப்புறம் சூடான எஞ்சினில் த்ராட்டிலை முழுதாகத் திறந்து கம்ப்ரஷன் பார். எது குறைகிறதோ அதில் மட்டும் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டுத் திரும்பப் பார்.


பிறை_சாத்ரியா | ஞாயிறு, காலை 11:30

கம்ப்ரஷன் பி.எஸ்.ஐ.யில், சிலிண்டர் வரிசைப்படி: 155, 152, 116, 154.

மூன்றாவதில் ஆயில் விட்டதும் 141. மூன்றாவது பிளக்கில் மினுக்கு இருக்கிறது, ஊசி முனை அளவு, ஐந்தாறு. காற்றை ஏற்றிப் பார்த்ததில் டிப்ஸ்டிக் ஓட்டை வழியாக வருகிறது.


செந்தூல்_கஞ்சில் | ஞாயிறு, பிற்பகல் 12:10

சகோ, மிகவும் வருத்தமாக இருக்கிறது. 10 ஒரு பூஸ்டே இல்லை என்று நான் எழுதியிருக்கக்கூடாது. நேற்று என் ஷீல்டைக் கழற்றிவிட்டுக் கோம்பாக்கில் ஏறினேன், கரகரப்பு அப்படியே இருக்கிறது. 0.6 பாருக்கு இறக்கிவிட்டேன்.


ரவாங்_பட்டறை | ஞாயிறு, பிற்பகல் 1:00

ஆயில் விட்டதும் ஏறினால் வால்வு இல்லை, ரிங் பக்கம். அந்த மினுக்கோடு சேர்த்துப் பார்த்தால் மூன்றாவது பிஸ்டனில் ரிங் லேண்ட் உடைந்திருக்கும், முதல் ரிங்குக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் இருக்கும் மெல்லிய சுவர். சிலிண்டரின் சுவர் கீறாமல் இருந்தால் பிளாக் தப்பித்தது, ஹோனிங் (சுவரைத் தேய்த்துச் சீராக்குவது) போட்டு நாலு பிஸ்டனும் ரிங்கும் மாற்றிவிடலாம். ஒன்றை மட்டும் மாற்றலாமா என்று யாராவது சொன்னால் கேட்காதே, மற்ற மூன்றும் அதே ஏற்றத்தில்தான் ஏறின.

திரும்பக் கட்டும்போது செய்ய வேண்டியதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பணத்தை எங்கே போடுவது என்று நீ முடிவு செய்ய வேண்டும். முதல் காசு முன்பக்க இண்டர்கூலருக்கு. அடுத்தது பெட்ரோல் பம்பும் இன்ஜெக்டரும், அதன்பிறகு மேப் எழுதக்கூடிய ஈ.சி.யு. பிளக்கை ஒரு படி குளிர்ந்த வகைக்கு மாற்று, என்.ஜி.கே. என்றால் 6 இருந்த இடத்தில் 7, இடைவெளி 0.7 மில்லிமீட்டர். அடிப்படை டைமிங்கை லைட் வைத்துச் சரிபார், ஹாஃப் கட் எஞ்சின்களில் யாராவது முன்னால் தள்ளி வைத்திருப்பது உண்டு. பூஸ்ட் கூட்டும்போது ஒரு பி.எஸ்.ஐ.க்கு ஒரு டிகிரி டைமிங் பின்னால் என்பது பழைய பட்டறைக் கணக்கு, தொடங்குவதற்கு அது போதும், மிச்சத்தை டைனோவில் (காடியை நிறுத்தி ஓட்டிச் சக்தியை அளக்கும் மேடை) நாக் சென்சாரைக் கேட்டுக்கொண்டே வைக்கலாம். மதியம் இரண்டு மணிக்கு டைனோவுக்குப் போ. சாயங்காலம் குளிர்ந்த நேரத்தில் வைத்த மேப் பாலிக் பூலாவ் ஏற்றத்தில் உதவாது.


கல்கரி_மச்சான் | ஞாயிறு, இரவு 9:40

மாப்பிள்ளை, பிஸ்டன் செட் என் செலவு, இதில் பேச்சே வேண்டாம். உன் அக்காவும் அதையேதான் சொல்கிறாள். எந்த அளவு என்று போரை அளந்த பிறகு சொல்.


பிறை_சாத்ரியா | ஞாயிறு, இரவு 10:05

நன்றி மச்சான். அண்ணே, அக்கா, செந்தூல் சகோ, எல்லாருக்கும். நாளை காலை காடியை இழுவை வண்டியில் ஏற்றுகிறோம், செவ்வாய் ஹெட் கழற்றுகிறார்கள். மூன்றாவது சிலிண்டரின் சுவரைப் படம் எடுத்து இங்கேயே போடுகிறேன்.